தத்துக்கு ஆகும் செலவும் தத்துக்கான காத்திருப்பும்: மதுரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

ஒரு குழந்தையைத் தத்தெடுக்க எவ்வளவு ஆகும், எவ்வளவு நாளாகும்? திருநகர், ஹார்விப்பட்டி, திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் பிள்ளை இல்லாத தம்பதியர் தத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் கேட்பவை இந்த இரண்டும்தான். பதில்களும் தயாராக இருக்கின்றன. தத்தெடுப்பது பணம் படைத்தவர்களுக்கு உரிய காரியம் என்பார்கள். சட்டத்தின் கெடுபிடி தாங்காமல்தான் ஆட்கள் புரோக்கரைத் தேடிப் போகிறார்கள் என்பது இன்னொரு பேச்சு. நாட்டில் லட்சக்கணக்கில் குழந்தைகள் அநாதையாகக் கிடக்க, அரசு அவர்களைப் பூட்டி வைத்திருக்கிறது என்ற கோபமும் உண்டு.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே சிக்கலின் மையத்தைத் தொடவில்லை. சட்டவழித் தத்துக்கு ஆகும் பணம் பெரிதல்ல, காத்திருப்புதான் பெரிது. அந்தக் காத்திருப்பும் பெரும்பாலும் விண்ணப்பிக்கும் பெற்றோரின் கோப்பில் உருவாவதில்லை. குழந்தையின் கோப்பில் உருவாகிறது. இதை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மதுரையில் 2021இல் வெளிவந்த ஒரு வழக்கு இதற்கு முக்கியமான சான்று.

2. ஒரே ஊரில் இரண்டு வழிகள்

மதுரைச் சமவெளியில் தத்து என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சொந்தத்துக்குள் எடுக்கும் தத்துதான். அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், தம்பிக்கு இல்லை. மூன்றாவதைத் தம்பி வீட்டில் விடுகிறார்கள். அக்கா பிள்ளையைத் தங்கை எடுத்து வளர்க்கிறாள். இதற்குச் சட்ட உருவம் தருவது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். அதன்படி பிள்ளையைப் பெற்றவர்கள் கொடுக்க, எடுப்பவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கொடுத்தல் வாங்கல்தான் தத்தின் உயிர். தத்த ஹோமம் கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது. பத்திரப் பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். மகன் உள்ளவர் இன்னொரு மகனையோ மகள் உள்ளவர் இன்னொரு மகளையோ இச்சட்டத்தின்கீழ் எடுக்க முடியாது. ஆணொருவர் பெண் குழந்தையையோ பெண்ணொருவர் ஆண் குழந்தையையோ எடுத்தால் இருவருக்கும் 21 வயது இடைவெளி வேண்டும். தத்துக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் 17ஆம் பிரிவின்படி குற்றம்.

இந்தச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு மட்டும்தான். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நெடுங்காலம் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் 'காப்பாளர்' ஆக மட்டுமே முடிந்தது. அம்மா, அப்பா ஆக முடியவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உறுதிப்படுத்தியது. அண்மையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் முன்னும் இதே கேள்வி வந்தது. உறவினர் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பிய ஒரு முஸ்லிம் தம்பதியின் பத்திரத்தைப் பதிவு அலுவலகம் ஏற்கவில்லை. பத்திரப் பதிவு மட்டும் அவர்களுக்குத் தத்துரிமை தராது என்ற நீதிமன்றம், இளைஞர் நீதிச் சட்டத்தின் வழி அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது என்றும் சொன்னது. மதுரையின் சிறுபான்மையினருக்கு இது முக்கியமான தெளிவு.

இரண்டாவது வழி இந்த இளைஞர் நீதிச் சட்டம்; இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் இதன் வழியாகத்தான் வருகிறார்கள். காரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய தத்துவள ஆணையம் இதை நடத்துகிறது; 2015 ஆகஸ்ட் முதல் நாடு முழுவதற்கும் ஒரே இணையவழிப் பட்டியல். இச்சட்டம் இந்துச் சட்டத்தின்கீழ் நடக்கும் தத்துகளைக் கட்டுப்படுத்தாது என்று 56(3)ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை பத்திரத்தோடு தத்தாகலாம், அடுத்த வீட்டுப் பிள்ளை மாவட்ட ஆட்சியரின் ஆணையோடு தத்தாகலாம். முன்னதில் அரசு ஆய்வு எதுவும் இல்லை. பின்னதில் ஒவ்வொரு அடியிலும் ஆய்வு. இந்த இடைவெளியைத்தான் புரோக்கர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்: மருத்துவமனையில் வாங்கிய யாரோ பெற்ற பிள்ளைக்குச் 'சொந்தக்காரப் பிள்ளை' என்று பத்திரம் எழுதுவது கடினமல்ல.

3. பணம்

சட்டவழியில் ஆகும் தொகை ரகசியமல்ல. தத்து ஒழுங்குமுறைகளின் அட்டவணையில் அச்சிட்டே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி வீட்டு ஆய்வு அறிக்கைக்கு 6,000 ரூபாய், குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 40,000 ரூபாய், தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளில் நடக்கும் நான்கு தொடர் பார்வைகளுக்குத் தலா 2,000 ரூபாய். கூட்டினால் 54,000 ரூபாய். இப்போது நடைமுறையில் உள்ளவை 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். தொகையும் அவற்றின் அட்டவணையிலேயே உண்டு. இதற்கு மேல் நன்கொடை, அன்பளிப்பு என்று எந்த நிறுவனமும் கேட்கக் கூடாது. கேட்டால் அது சட்டமீறல்.

மதுரையில் குழந்தையின்மைச் சிகிச்சைக்குச் சென்று வந்த எந்தத் தம்பதியும் இந்தத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். செயற்கைக் கருத்தரிப்பில் ஒரே ஒரு சுற்றுக்கே பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகிறது. பல சுற்றுகள் தோற்று, நகையை அடகு வைத்து, கடைசியில்தான் தத்தைப் பற்றி நினைக்கிறார்கள். இங்கேதான் முதல் மறைமுகச் செலவு விழுகிறது. 2022 ஒழுங்குமுறையின்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கு முதல் எட்டு வரை 100, அதற்கு மேல் 110. பதிவு செய்த நாளின் வயதுதான் கணக்கு. 44 வயதுக் கணவரும் 42 வயது மனைவியும் இன்று பதிவு செய்தால் கைக்குழந்தை அவர்களுக்குக் கிடையாது. அதே தம்பதி ஓராண்டு முன்னால் பதிந்திருந்தால் தகுதி இருந்திருக்கும். சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே தத்துக்குப் பதிந்து வைக்கச் சட்டம் எந்தத் தடையும் சொல்லவில்லை. இதை மருத்துவமனைகள் முதல் நாளே சொல்ல வேண்டும்.

சம்பளம் போகும் செலவும் இருந்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வார விடுப்பு தந்தது. ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்ற வரம்பையும் இட்டது. ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கே பெற்றோர் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகு அறிவிப்பு, பொருத்தம், ஒப்புதல் எல்லாம் முடிந்து மூன்று மாதத்துக்குள் குழந்தை வீடு வந்து சேர்வது நடைமுறையில் அநேகமாக இயலாத காரியம். உரிமையைத் தந்த அதே வரி அதைப் பறித்தும்விட்டது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கு இது 54,000 ரூபாயைவிடப் பெரிய இழப்பாக இருந்தது.

4. காத்திருப்பு எங்கே நிகழ்கிறது

நாடாளுமன்ற நிலைக்குழு 2022 ஆகஸ்டில் காப்பாளர் மற்றும் தத்துச் சட்டங்கள் குறித்துத் தந்த அறிக்கையின் எண்கள் இந்தக் கேள்விக்கு அடிப்படை. 2021 டிசம்பரில் காராவில் பதிந்து காத்திருந்த பெற்றோர் 27,939. இது 2017இல் ஏறத்தாழ 18,000. காத்திருப்புக் காலம் ஓராண்டிலிருந்து மூன்று ஆண்டாக நீண்டிருந்தது. இதுவரை எல்லோரும் அறிந்த கதைதான். அதே அறிக்கையில் இன்னொரு இணை எண்ணும் உண்டு: காப்பகங்களில் தத்துக்குரியவர்களாகக் கருதப்பட்ட குழந்தைகள் 6,996; அவர்களில் குழந்தைகள் நலக் குழுக்கள் 'தத்துக்குச் சட்டத்தடை இல்லை' என்று அறிவித்தவர்கள் 2,430 பேர் மட்டும்.

ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் பட்டியலுக்கே வரவில்லை. அதற்காகக் குழந்தைகள் நலக் குழுவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அந்த அறிவிப்பைத் தருவது எளிதான வேலையல்ல. அரசு ராஜாஜி மருத்துவமனை வளாகத்திலோ மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலோ ஒரு குழந்தை கண்டெடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தகவல் போக வேண்டும். பிறகு நாளிதழில் படத்தோடு விளம்பரம். மதுரைப் பதிப்புகளைப் புரட்டுபவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்: அஞ்சல்தலை அளவுப் படம், கண்டெடுத்த இடம், தேதி, உத்தேச வயது, உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, உரிமை கோருவோர் அணுக வேண்டிய முகவரி. காவல்துறை 'பெற்றோரைக் கண்டுபிடிக்க இயலவில்லை' என்று அறிக்கை தர வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதத்திலும் அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதத்திலும் குழு முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். காவல் அறிக்கை வராமல் கிடந்தாலோ, குழுவில் உறுப்பினர் இடம் காலியாக இருந்தாலோ, கோப்பு நகராது. குழந்தைக்கு மட்டும் வயது கூடிக்கொண்டே போகும். கைக்குழந்தையாக வந்தவள் மூன்று வயதில் 'தகுதி' பெறும்போது, பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது அவளை அல்ல.

வேறொரு வகைக் குழந்தையும் உண்டு: காப்பகத்தில் சேர்த்த தாய் ஆண்டுக்கொரு முறை வந்து பார்க்கிறாள், அல்லது வருவதே இல்லை. இவர்களை யார் அடையாளம் காண்பது? 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தத்துக்குரிய குழந்தைகளைக் காப்பகங்களில் அடையாளம் காணும் பணியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அப்போது நாட்டின் 760 மாவட்டங்களில் 370இல் சிறப்புத் தத்து நிறுவனமே இல்லை என்பதும் வெளிவந்தது. 2024–25இல் நாடு முழுவதும் தத்தானவர்கள் 4,515 பேர். 2021–22இல் இது 3,405ஆக இருந்தது. ஒப்பிட்டால் நல்ல ஏற்றம். பெற்றோர் பக்கத்து விதிகளைத் தளர்த்தாமலேயே இந்த ஏற்றம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2022 விதிகள் பெற்றோரின் வயது வரம்பைச் சற்று இறுக்கவே செய்தன.

இந்த வெளிச்சத்தில் 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை எடைபோடலாம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருவது நீதிமன்றமல்ல, மாவட்ட ஆட்சியர். 2021 ஜூலையில் 629 தத்து வழக்குகள் நீதிமன்றங்களில் தேங்கியிருந்தன என்பது அரசு சொன்ன காரணம். அந்த 629 குடும்பங்களின் தவிப்பு உண்மைதான். ஆனால் நீதிமன்றத் தாமதத்தின்போது குழந்தை ஏற்கெனவே அந்தக் குடும்பத்தோடு வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும். தாமதத்தின் பெரும் பகுதி அதற்கு முன்னே, குழந்தை காப்பகத்தில் இருக்கும்போது நடக்கிறது. திருத்தம் வழியின் கடைசி முனையைச் சீர் செய்தது. தொடக்க முனை அப்படியே இருக்கிறது.

5. கள்ளவழி: இரண்டு வழக்குகள்

2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற மருத்துவப் பணியாளர் ஒருவர் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை, நிறத்துக்கேற்ப ஒரு விலை, பிறப்புச் சான்றிதழுக்குத் தனித் தொகை என்று அதில் கணக்கு ஓடியது. லட்சங்களில் பேரம். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

மதுரையில் 2021 ஜூன் இறுதியில் வெளிவந்தது வேறு வகை. ரிசர்வ் லைன் பகுதியில் இயங்கிய இதயம் அறக்கட்டளையின் ஆதரவற்றோர் காப்பகத்தில் மனநலம் பாதித்த ஒரு தாயும் அவருடைய குழந்தைகளும் இருந்தனர். அவர்களில் ஒரு வயது ஆண் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகவும் தத்தனேரி மயானத்தில் புதைத்துவிட்டதாகவும் காப்பகம் ஆவணம் காட்டியது. விசாரணையில் அந்த ஆவணம் போலி என்று தெரியவந்தது. குழந்தை உயிரோடு, மதுரையிலேயே ஒரு தம்பதியிடம் இருந்தது. இன்னொரு பெண் குழந்தையும் வேறொரு தம்பதியிடமிருந்து மீட்கப்பட்டது. தலைமறைவான காப்பக நிர்வாகி பிறகு கைதானார். வாங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் மீதும் நடவடிக்கை பாய்ந்தது.

இந்த வழக்கைப் பலரும் மனித மனத்தின் கொடூரத்துக்குச் சான்றாக எழுதினார்கள். அது சரிதான். நம் கேள்விக்கு அது சொல்வது இன்னொன்று. அந்தக் குழந்தைக்குத் தாய் உயிரோடு இருந்தார். சட்டப்படி அவனைத் தத்துக்குத் தகுதியாக்க நீண்ட விசாரணை தேவை. அந்த விசாரணை அவனைத் தாயிடமே சேர்த்து வைத்திருக்கவும் கூடும். மறுபுறம், குழந்தை ஒரு காப்பகத்தின் பதிவில் பெயரோடு இருந்தான். பதிவில் உள்ளவனை விற்க வேண்டுமானால் முதலில் பதிவிலிருந்து அழிக்க வேண்டும். 'சட்டத்தடை இல்லை' என்ற தாளைவிட மரணத் தாளைத் தயாரிப்பது எளிதாக இருந்தது.

'சட்டம் கெடுபிடி, அதனால்தான் கள்ளவழி' என்ற வாதம் இங்கே பாதிதான் நிற்கிறது. மூன்றாண்டுக் காத்திருப்பு ஆட்களை விரக்திக்குத் தள்ளுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ராசிபுரத்தில் பேசப்பட்ட விலைப்பட்டியலைப் பாருங்கள். அங்கே விற்கப்பட்டவை நிறமும் ஆண்பாலும் ரகசியமும். கூடவே 'நான் பெற்ற பிள்ளை' என்று சொல்லிக்கொள்ள ஒரு பிறப்புச் சான்றிதழ். எந்த அரசுப் பட்டியலும் இவற்றைத் தர முடியாது, தரவும் கூடாது. பதிவைத் தளர்த்தினால் இந்தத் தேவை மறையும் என்று நம்ப இடமில்லை.

வாங்குபவர்களுக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. நடைமுறையை மீறிய தத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. குழந்தையை விற்கவோ வாங்கவோ செய்தால் 81ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை கடுங்காவல். மருத்துவமனைப் பணியாளர் உடந்தை என்றால் மூன்று முதல் ஏழாண்டு. அதைவிடப் பெரிய தண்டனை குழந்தைக்கு. ஓராண்டு மடியில் வளர்ந்த பிள்ளையைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

6. வீட்டு ஆய்வும் சாதியும்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தோ தத்து நிறுவனத்திலிருந்தோ சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவதைத் தேர்வு போல நினைத்துப் பயப்படுகிறார்கள். பான் அட்டை, திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, தெரிந்தவர் இருவரின் பரிந்துரைக் கடிதம் இவையெல்லாம் ஏற்கெனவே இணையத்தில் ஏற்றியவை. வீட்டில் கேட்பது வேறு. குழந்தை எங்கே படுக்கும்? இருவரும் வேலைக்குப் போனால் பகலில் யார் பார்ப்பது? கூட இருக்கும் மாமியார் என்ன சொல்கிறார்? உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைக்கு யார்? தத்து என்பதைப் பிள்ளையிடம் எந்த வயதில் சொல்வீர்கள்?

கடைசிக் கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'சொல்லவே மாட்டோம்' என்பது இங்கே வழக்கமான பதில். வளர்ந்த பிறகு தன் வேர்களைத் தேடும் உரிமையை ஒழுங்குமுறைகள் பிள்ளைக்குத் தருகின்றன. ரகசியம் காக்கும் குடும்பம் ஒருநாள் அந்த உரிமையோடு மோதத்தான் போகிறது.

கேட்கப்படாத கேள்வி சாதி. காராவின் பட்டியலில் குழந்தையின் சாதி இருக்காது. மூன்று மாநிலம் வரை விருப்பம் சொல்லலாம், வயது சொல்லலாம், ஆணா பெண்ணா சொல்லலாம். குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் திரையில் வந்த 48 மணி நேரத்துக்குள் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். 'எந்த வீட்டுப் பிள்ளையோ' என்ற பெரியவர்களின் முணுமுணுப்புக்கு அங்கே இடமில்லை. சொந்தத்துக்குள் தத்தெடுக்கும் வழக்கம் இங்கே வலுவாக இருப்பதற்குச் சொத்து ஒரு காரணம் என்றால், சாதி அதைவிட வலுவான காரணம் என்பது என் கணிப்பு. கள்ளவழியில் வாங்குபவர் 'நம்ம ஆளுக பிள்ளைதானா' என்று கேட்க முடிகிறது. அரசு வழியில் முடியாது. அரசுவழித் தத்து ஒரு சாதி மறுப்புச் செயலும்தான், அதைச் செய்கிறவர்கள் அப்படி நினைக்காவிட்டாலும்.

ஆண் விருப்பம் பற்றி ஒரு குறிப்பு. காராவின் வழி தத்துப் போகும் குழந்தைகளில் பெண்களே அதிகம் என்பதை மனமாற்றத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். பெண் கேட்டு வருவோர் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் கைவிடப்படுவோரிலும் பெண்களே அதிகம் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. 1986இல் உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகளை இந்தியா டுடே வெளிக்கொணர்ந்ததும், 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி முதலிய மாவட்டங்களுக்கு விரிந்ததும் இதே மண்ணின் வரலாறு.

7. பெற்றவள்

தத்தைப் பற்றிய பேச்சில் எடுப்பவரும் எடுக்கப்படும் பிள்ளையும் இருக்கிறார்கள்; பெற்றவள் இல்லை. மணமாகாமல் கருவுற்றவள், கணவன் விட்டுப் போனவள், நான்காவது பெண்ணைப் பெற்றவள், இவர்களைத் தேடித்தான் புரோக்கர் பிரசவ வார்டுக்கு வருகிறார். இளைஞர் நீதிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அவளுக்கு ஒரு வழியைத் தருகிறது. குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். அதற்கு முன் ஆலோசனை பெறலாம். 60 நாளுக்குள் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அடையாளம் வெளியே போகாது. புரோக்கரிடம் கொடுத்தவளுக்கு இந்த 60 நாள் கிடையாது.

இந்த வழி இருப்பது எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? ராஜாஜி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவிலும், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளிலும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் தடுப்பூசிக்கும் இருப்பதைப் போல இதற்கும் தமிழில் ஒரு பலகை வேண்டும்: குழந்தையை வளர்க்க இயலாது என்றால் யாரிடம் சொல்லலாம், பெயர் வெளியே வராது, 60 நாள் அவகாசம் உண்டு, 1098. அந்தப் பலகையை வைக்கப் புதிய சட்டம் தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கையும், கேட்டு வருபவளைக் குற்றவாளியாகப் பார்க்காத ஒரு செவிலியரும் போதும்.